தாது வருஷப் பஞ்சமும் கொடைக்கானல் சூரியனும்

சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த வென்லாக் பிரபு, 1895ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அக்காலத்து மதுரை ஜில்லாவின் மேற்கெல்லை மலைகளைச் சார்ந்த இரண்டு காரியங்களை நிறைவேற்றினார். அம்மாதம் 10ஆம் தேதி முல்லைப் பெரியாற்று நீரைக் கிழக்கு நோக்கித் திறந்துவைத்தார். அதே மாதத்தில், பழனி மலைத்தொடரின் மேலுள்ள கொடைக்கானலில், சூரியனை ஆராயும் பொருட்டு எழவிருந்த வானாய்வுக்கூடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். முதற் காரியத்தைப் பற்றி இப்பிரதேசத்தாருக்கு ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பேரணையிலிருந்து மேலூர் வரையில் கால்வாய் பாயும் ஊர்களிலும், கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக வயல்களிலும், பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுயிக் துரையின் பெயர் குலதெய்வத்தின் பெயருக்கு அடுத்தபடியாக உச்சரிக்கப்படுகிறது. பொங்கலன்று அவருடைய படத்துக்கு மாலை சூட்டுகிறார்கள். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டாவது காரியமோ, அம்மலையின் அடிவாரத்திலேயே வாழும் நம்மில் பெரும்பாலோருக்குச் செவிவழிச் செய்தியாகக்கூட வந்து சேரவில்லை. ஆயினும் இவ்விரண்டுக்கும் மூலம் ஒன்றே: தாது வருஷப் பஞ்சம்.

1876ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. மறு ஆண்டும் பொய்த்தது. கண்மாய்கள் வறண்டு, விதைநெல்லும் உண்ணப்பட்டு, ஆடுமாடுகள் மடிந்து, ஜனங்கள் கஞ்சித்தொட்டிகளைத் தேடி நடந்த வழியிலேயே விழுந்து மாண்ட அந்தக் காலத்தைத் தென்னாட்டுக் கிராமங்கள் இன்றும் மறக்கவில்லை. பெரியாற்று அணைத் திட்டத்துக்கு உந்துதலானது அப்பஞ்சமே. இத்தகைய பெருந்துன்பத்தை முன்கூட்டியே அறிய வழியுண்டா என்ற கேள்வி அப்போது அரசாங்கத்தின் முன் எழுந்தது. சூரியனுடைய முகத்தில் தோன்றி மறையும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகுவதும் குறைவதுமாக இருக்கின்றன என்பது அதற்குச் சில பத்தாண்டுகள் முன்னரே நிச்சயமாகியிருந்தது. அப்புள்ளிகளின் ஏற்றத்தாழ்வுக்கும் இந்தியாவின் பருவமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று நார்மன் லாக்கியர் முதலிய ஆங்கில விஞ்ஞானிகள் வாதித்தார்கள். பஞ்ச விசாரணைக் கமிஷனும் சூரியனை இடைவிடாது கவனித்துவர வேண்டுமென்று பரிந்துரைத்தது. சென்னை அரசாங்க வானியலராயிருந்த மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் சோதித்துப் பார்த்து, 2,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் தெளிந்த வானமும் சலனமற்ற காற்றும் கொண்ட கொடைக்கானலைத் தேர்ந்தார். 1792 முதல் சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கிவந்த வானாய்வுக்கூடத்தின் பணி 1899ஆம் ஆண்டு இம்மலைக்கு மாறிற்று.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்வது நியாயமாகாது. தாது வருஷத்து மரணங்கள் அனைத்தையும் வானத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஜனங்கள் பட்டினி கிடந்த நாட்களிலேயே துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிச் சென்றது என்பது சரித்திரம். பழியைச் சூரியன்மேல் சாற்றுவது அன்றைய ஆட்சியாளருக்கு எவ்வளவு சௌகரியமாயிருந்திருக்கும் என்பதை நான் உணராமலில்லை. ஆனால், கேட்டவர்களின் நோக்கம் எதுவாயினும், கேட்கப்பட்ட கேள்வி உத்தமமான கேள்வி. மேலூர்க் கண்மாயில் நீர் நிறைவதற்கும் 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு நட்சத்திரத்தின் முகத்தில் புள்ளி தோன்றுவதற்கும் இடையே சம்பந்தம் உண்டா என்று ஆராயப் புகுந்தவன், இடையிலுள்ள அந்த 15 கோடி கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்பதையும் கேட்டே ஆகவேண்டும்.

விண்வெளி என்றவுடன் நம் மனத்தில் எழும் எண்ணங்கள் இரண்டு: அது வெகு தூரத்தில் இருக்கிறது, அது ஒன்றுமற்ற வெறும் பாழ். இரண்டும் பிசகு. தூரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து 100 கிலோமீட்டர் உயரத்தை விண்வெளியின் தொடக்கமாகக் கொள்வது உலகில் பரவலான வழக்கம். மதுரையிலிருந்து கொடைக்கானல் போய்ச் சேர வாடிப்பட்டி, வத்தலக்குண்டு வழியாக ஏறத்தாழ 120 கிலோமீட்டர் பிரயாணம். அதே பிரயாணத்தை நேர் மேல்நோக்கிச் செய்யக் கூடுமாயின், பெருமாள்மலையை நெருங்குகிற அளவிலேயே நாம் விண்வெளிக்குள் புகுந்திருப்போம். அங்கே வேலியோ வரம்போ கிடையாது. காற்று படிப்படியாக மெலிந்துகொண்டே போகிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தைக்கூட, எஞ்சியுள்ள அற்பக் காற்று உராய்ந்து உராய்ந்து கீழே இழுப்பதால், அவ்வப்போது மேலே உந்திவிட வேண்டியிருக்கிறது.

இனி, பாழ் என்ற எண்ணம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் அடங்கியுள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை, ஒன்றின் பின் 19 சுழிகளை இட்டு வரும் தொகையை விஞ்சும். சூரியனுக்கும் நமக்கும் இடையிலோ, பூமிக்கு அருகே, அதே அளவு இடத்தில் ஏறத்தாழ ஐந்து முதல் பத்துத் துகள்கள் இருக்கலாம். நட்சத்திரங்களுக்கு நடுவே சராசரியாக ஒன்று. ஆகாச கங்கை போன்ற நட்சத்திர மண்டலங்களுக்கு இடையிலுள்ள பெருவெளியிலோ ஒரு கன மீட்டருக்கு ஒன்று கிடைத்தால் அதிகம். மனிதன் தன் பட்டறையில் எத்தனை பிரயாசைப்பட்டாலும் அத்தகைய வெற்றிடத்தை உண்டாக்குவது அரிது. ஆனால் அணுக்கள் அருகிவிட்டமையால் அங்கே ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிடலாகாது. பிரபஞ்சம் தோன்றிய ஆதிக்காலத்து வெப்பத்தின் எச்சமான மெல்லிய கதிரொளி எல்லாத் திசைகளிலும் நிறைந்திருக்கிறது. விண்வெளியின் எந்த மூலையில் ஒரு கன சென்டிமீட்டரை எடுத்தாலும் அதனுள் அவ்வொளியின் துகள்கள் 400க்குக் குறையாமல் இருக்கும். அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர், தங்கள் ரேடியோ ஏரியலில் நீங்காது ஒலித்த இரைச்சலுக்குக் காரணம் தேடிச் சென்று, அக்கதிரொளியைக் கண்டறிந்ததை 1965ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

இவற்றோடு நிற்கவில்லை. தொலைதூர நட்சத்திர வெடிப்புகளிலிருந்து புறப்பட்டு, ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடிவரும் அண்டக் கதிர்கள் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத காந்தப் புலங்கள் உண்டு. நாளைய கிரகங்களுக்கு மூலப்பொருளாகத்தக்க தூசியும் வாயுவும் மேகங்களாகத் திரண்டிருக்கின்றன. சூரியனின் கருவில் பிறக்கும் நியூட்ரினோக்கள் என்னும் நுண்துகள்கள், இந்த வரியைப் படிக்கும் உங்கள் கட்டைவிரல் நகத்தின் பரப்பு ஒவ்வொன்றையும் விநாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி வீதம் ஊடுருவிச் சென்றுகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு இரவும் பகலும் ஒன்றே, பூமியும் தடையன்று. இவையெல்லாம் சேர்ந்தும் பிரபஞ்சத்தின் முழுக் கணக்கில் சிறு பகுதியே. நாம் அறிந்த அணுக்களாலான பொருள் நூற்றுக்கு 5 பங்குதான். எஞ்சிய 95 பங்கும் இன்னதென்று இன்னும் துலங்காத கரும்பொருளும் கருஞ்சக்தியும் என்பதே இன்றைய விஞ்ஞானத்தின் தீர்ப்பு.

சூரியன் வெளிச்சத்தையும் உஷ்ணத்தையும் மட்டும் அனுப்புவதில்லை. அதன் உடலிலிருந்தே மின்னேற்றம் பெற்ற துகள்கள் காற்றாகப் பெருகி, விநாடிக்கு 400 கிலோமீட்டர் அளவான வேகத்தில், எல்லாத் திசைகளிலும் ஓயாது வீசிக்கொண்டிருக்கின்றன. பூமியும் பிற கிரகங்களும் வெறும் பாழில் அல்ல, சூரியனுடைய சுவாசத்துக்குள்ளேதான் சுழல்கின்றன என்று சொன்னால் அது கவிஞனின் அலங்காரமன்று; அளந்தறிந்த உண்மை. கரும்புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் இக்காற்று சில வேளைகளில் புயலாகிறது. 1989ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் தேதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேர் சுமார் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர்; காரணம், சூரியனில் நிகழ்ந்த ஒரு சீற்றம். இன்று வங்காள விரிகுடாவில் புயற்சின்னம் உருவாவதைக் காட்டும் செயற்கைக்கோளும், பாம்பன் மீனவர் வழியறியக் கைக்கொள்ளும் ஜிபிஎஸ் கருவிக்குத் திசை சொல்லும் செயற்கைக்கோள்களும் அந்தப் புயலின் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவையே. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், சூரியனுடைய சலனங்கள் மேல்வளிமண்டலத்தில் எழுப்பும் மின்னோட்டங்களை ஆராய்வதற்கு நம் தென்பாண்டி நாடு உலகில் வெகு சில இடங்களுக்கே வாய்த்த தகுதியைப் பெற்றிருக்கிறது. திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் அதற்கென ஓர் ஆய்வுக்கூடமும் இயங்குகிறது.

மீண்டும் கொடைக்கானலுக்கு வருவோம். அங்கே பணியாற்றிய ஜான் எவர்ஷெட், 1909ஆம் ஆண்டு ஜனவரியில், ஒரு கரும்புள்ளியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்தபோது, புள்ளியைச் சூழ்ந்த மங்கிய விளிம்பில் ஒருபுறத்துக் கோடுகள் சிவப்பை நோக்கியும் மறுபுறத்துக் கோடுகள் நீலத்தை நோக்கியும் நூலிழை அளவு விலகியிருப்பதைக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து வாயுக்கள் விநாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் வெளிநோக்கி ஓடுகின்றன என்பது அந்த நூலிழை விலகலின் பொருள். இன்று உலகெங்கும் சூரிய இயற்பியல் பாடநூல்களில் எவர்ஷெட் விளைவு என்ற பெயருடன் அது இடம்பெற்றிருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைப்பாதை முடிகிற இடத்தில் அது காணப்பட்டது என்பதை நம் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்?

ஆனால் எவர்ஷெட்டின் கண்டுபிடிப்பைக் காட்டிலும் என் உள்ளத்தை அதிகமாகக் கவர்வது அங்கு நடந்துவரும் அன்றாடப் பணி. 1850ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் செய்யப்பட்டு, பின்னர் செப்பனிடப்பட்ட, ஆறங்குல வாய் கொண்ட ஒரு பழைய தொலைநோக்கி அங்கே இருக்கிறது. வானம் தெளிந்த காலை வேளைகளில் அதனைச் சூரியன்பால் திருப்பி, சுமார் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள சூரிய பிம்பத்தைப் படமெடுத்து, தேதியும் நேரமும் குறித்து வைப்பது 1900களின் தொடக்கத்திலிருந்து அங்கு வழக்கம். கால்சியத்தின் ஒளியில் சூரியனைப் படம்பிடிக்கும் மற்றொரு கருவியும் 1904 முதல் இவ்வாறே உழைத்துவந்தது. கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிம் சுருள்களிலுமாக இப்படிச் சேர்ந்த படங்கள் நூறாண்டுக்கு மேற்பட்ட சூரிய சரித்திரம். இரண்டு உலக யுத்தங்கள் வந்து போயின, வெள்ளையர் ஆட்சி முடிந்தது, ஏ. எல். நாராயண், ஏ. கே. தாஸ், வைணு பாப்பு என்று இந்தியர்கள் தலைமையேற்றார்கள். தகடு மாற்றும் கை மட்டும் ஓயவில்லை. தான் எடுக்கும் படத்தால் தன் ஆயுட்காலத்தில் யாதொரு பிரயோஜனமும் விளையாது என்று அறிந்தும், மலைக்குளிரில் எழுந்து அதனைச் செவ்வனே எடுத்து வைத்த அந்த உதவியாளர்களின் பெயர்களை நாம் அறியோம். நான் அவர்களைப் பெரிய மனிதர்களாகவே கருதுகிறேன்.

மழையை முன்னறியும் ஆசை என்னவாயிற்று என்று வாசகர் கேட்கக்கூடும். அது நிறைவேறவில்லை. கரும்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அடுத்த ஆண்டு வைகையில் வெள்ளம் வருமா என்று சொல்லும் உபாயம் எவருக்கும் வாய்க்கவில்லை. பருவமழையின் சூட்சுமம் பெரும்பகுதி பசிபிக் சமுத்திரத்தில் இருந்தது. அதனைத் துருவி எடுத்தவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் இந்திய வானிலைத் துறையின் தலைவராயிருந்து, கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தையும் தம் நிர்வாகத்தின் கீழ் வைத்திருந்தவர் அவரே. தாது வருஷத்துக்கு மழை மறுத்ததும் அந்தச் சமுத்திரத்தின் வெப்பப் பிறழ்ச்சிதான் என்று இன்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். கேட்ட கேள்விக்கு விடை வேறிடத்தில் கிடைத்தது. ஆனால் அக்கேள்வியின் பொருட்டுச் சேர்த்த பொக்கிஷம் வீண்போகவில்லை. அன்று எடுத்த படங்கள் இன்று கணினியில் ஏற்றப்பட்டு, சூரியனின் காந்தச் சுழற்சியையும் விண்வெளிப் புயல்களின் போக்கையும் ஆராய்வதற்கு ஆதாரமாகப் பயன்படுகின்றன.

கொடைக்கானலிலிருந்து கிளைத்த இந்திய வான் இயற்பியல் நிறுவனம் 1971ஆம் ஆண்டில் தன்னாட்சி பெற்று, பின்னர்ப் பெங்களூரில் தலைமையிடம் கொண்டது. ஆதித்யா-எல்1 விண்கலத்தின் பிரதானக் கருவியாகிய, சூரியனின் ஒளிவளையத்தைப் படமெடுக்கும் தொலைநோக்கியை அமைத்துத் தந்தது அந்நிறுவனமே. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட அவ்விண்கலம், 2024 ஜனவரி 6ஆம் தேதி பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் தன் இருப்பிடம் சேர்ந்து, சூரியக் காற்றின் நடுவே நின்று அதனை அளந்துகொண்டிருக்கிறது. அத்திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர். தாது வருஷத்தில் எழுந்த கேள்வியைத் தென்பாண்டி நாட்டுப் பெண்மணி ஒருவர் விண்வெளிக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார் என்று நான் பெருமையோடு சொல்வேன்.

வயிற்றுப்பாட்டுக்கே திண்டாடும் தேசத்துக்கு விண்வெளி ஆராய்ச்சி எதற்கு என்ற ஆட்சேபம் அடிக்கடி எழுகிறது. அதனை எழுப்புவோர் ஏழைகளின்பால் கொண்ட பரிவை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் இம்மலையின் சரித்திரத்தை அறியாமல் பேசுகிறார்கள். இங்கே மனிதன் சூரியனைப் பார்க்கத் தொடங்கியது வயிறு நிறைந்த பின்பல்ல, வயிறு எரிந்தபோது. அணையும் வானாய்வுக்கூடமும் ஒரே பசியின் விளைவுகள். ஒன்றைக் கும்பிட்டு மற்றொன்றை ஆடம்பரம் என்று ஒதுக்குவது பொருந்தாது.

நம்முடைய அசிரத்தையோ ஆட்சேபத்தைவிடக் கொடியது. ராக்கெட் கிளம்பும் நாளில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து கைதட்டுகிறோம்; மறுநாள் மறந்துவிடுகிறோம். வானத்தையே நம் கண்ணிலிருந்து மறைத்தும்விட்டோம். மாட்டுத்தாவணியிலும் சுற்றுச்சாலையிலும் கீழே விழ வேண்டிய வெளிச்சத்தில் ஒரு பங்கு மேலே போய்ப் புகைமூட்டத்தில் கலந்து, நட்சத்திரங்களை அழித்துவிடுகிறது. பேரையூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரை ஒன்றில், கார்த்திகை மாதத்து அமாவாசை இரவில், ஒன்பது மணி அளவில் வடக்கே முகம் வைத்து, உச்சிக்குச் சற்றுத் தாழ்வாகப் பார்ப்பவர், பஞ்சுத் துணுக்களவான மங்கிய ஒளித்திட்டு ஒன்றைக் காணலாம். அது ஆண்ட்ரோமீடா என்னும் வேறொரு நட்சத்திர மண்டலம். கருவியின்றி மனிதக் கண் காணக்கூடிய மிகத் தொலைவான பொருள்களுள் ஒன்று. அவ்வொளி அங்கிருந்து கிளம்பி ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. மதுரை நகரத்துக்குள் பிறந்து வளரும் பிள்ளைக்கு அக்காட்சி கிட்டுவதில்லை. தெருவிளக்குகளுக்கு மேல்மூடி இடுவது நகராட்சிகளால் ஆகாத காரியமன்று; மின்செலவும் மிச்சப்படும்.

பள்ளிக்கூடங்களின் விஷயம் இதைவிட முக்கியம். மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டப் பள்ளிகளிலிருந்து ஆண்டுதோறும் பேருந்து பேருந்தாகப் பிள்ளைகள் கொடைக்கானலுக்குப் போகிறார்கள். ஏரியில் படகு விடுகிறார்கள். பிரையண்ட் பூங்காவில் பூப்பார்க்கிறார்கள். கோக்கர்ஸ் வாக்கில் மேகம் பார்க்கிறார்கள். தூண்பாறையில் போட்டோ எடுத்துக்கொண்டு, சாக்லெட்டும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கித் திரும்புகிறார்கள். குழந்தைகளுக்கு இவை வேண்டியவையே. ஆனால் ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், நட்சத்திரம் ஒன்றை நூறாண்டுக்கு மேலாகக் கண்ணிமைக்காமல் கவனித்துவரும் இடம் ஒன்று, பார்வையாளருக்கென ஒரு காட்சிக்கூடமும் வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது, பேருந்து அதன் பக்கம் திரும்பாமலே இறங்கி வருகிறது என்றால் அது பிள்ளைகளின் குற்றமன்று. கூட்டிச் செல்பவர்களாகிய நம்முடைய குற்றம்.

ஆகையால் இம்மூன்று மாவட்டங்களின் தலைமையாசிரியர்களையும் கல்வி அதிகாரிகளையும் வேண்டிக்கொள்கிறேன்: வரும் ஆண்டில் கொடைக்கானல் சுற்றுலாவுக்குத் திட்டம் எழுதும்போது, ஆய்வுக்கூடத்தாருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, ஒரு முற்பகலை அதற்கென ஒதுக்கிவையுங்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் வகுப்பறையில், தபால் அட்டையில் குண்டூசித் துளையிட்டு, அதன் வழியே சுவரில் விழும் சூரிய பிம்பத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கலாகாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். தாது வருஷத்தின் கதையை, வீட்டிலுள்ள பாட்டிமாரிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். அதன் பிறகு அவர்களை மலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.